நீரடி ஸ்கூட்டரில் கூர்மையாகத் திரும்புவது எப்படி? (கிருஷ்ணகிரி, தர்மபுரி டைவர்கள் பேசலாம்)

காவேரிப்பட்டணம் மீன்கொத்தி:
வணக்கம் நண்பர்களே. நம் பக்கத்தில் கடல் இல்லாவிட்டாலும் புதுச்சேரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய் ஸ்கூபா செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு நீரடி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறோம். மேலே ஏறி உட்காரும் வகை இல்லை, முன்னால் பிடித்துக்கொள்ள அது நம்மை இழுத்துப் போகும் வகை. நேராகப் போவதில் ஒரு குறையும் இல்லை. திரும்பும்போதுதான் தொல்லை. வட்டம் ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. பாதித் திருப்பத்தில் ஆழம் இரண்டு மீட்டர் மாறிவிடுகிறது, சில நேரம் மேலே, சில நேரம் கீழே. வலப்பக்கம் திரும்புவது பரவாயில்லை, இடப்பக்கம் கனமாக இருக்கிறது. டைவ் முடிந்ததும் வலது முன்கை கடுக்கிறது. யூடியூப் வீடியோக்களில் எல்லாரும் சர்வசாதாரணமாகத் திரும்புகிறார்கள், ஆனால் உடம்பை என்ன செய்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

பாலக்கோடு பவளம்:
தம்பி, நான் பாலக்கோட்டுக்காரிதான். இப்போது புதுச்சேரியில் டைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். திருப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஸ்கூட்டரையும் உங்களையும் இணைக்கிற இழுப்புக் கயிற்றை உடம்பில் எங்கே மாட்டுகிறீர்கள்? கயிறு எவ்வளவு நீளம்? கடலில் விட்டால் ஸ்கூட்டர் இருந்த இடத்தில் கிடையாக நிற்கிறதா, மிதக்கிறதா, மூழ்குகிறதா?

கை கடுக்கிறது என்றாலே பாதி தெரிந்துவிட்டது. இழுவை உங்கள் கை வழியாக வருகிறது. அப்படி வந்தால் அந்தக் கை ஸ்கூட்டரைப் பிடித்துக்கொள்வதிலேயே களைத்துப்போகும், திருப்புவதற்கு அதில் தெம்பு இருக்காது.

காவேரிப்பட்டணம் மீன்கொத்தி:
அக்கா, பிசிடியின், அதாவது காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்கிற சட்டையின், மார்புப் பக்கம் இருக்கிற டி வளையத்தில் மாட்டுகிறோம். வாங்கும்போது அப்படித்தான் காட்டினார்கள். கையை நீட்டினால் கயிறு கொஞ்சம் தொய்வாக இருக்கும். ஸ்கூட்டர் கடலில் நன்றாகத்தான் நிற்கிறது. ஓசூரில் ஒரு நீச்சல் குளத்தில் இறக்கியபோது மெல்ல மூழ்கியது.

பாலக்கோடு பவளம்:
சரி, மூழ்கியதில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது பழுது இல்லை. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ, நல்ல தண்ணீர் 1 கிலோ. உங்கள் ஸ்கூட்டர் 20 லிட்டர் தண்ணீரை இடம்பெயர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், கடலில் சரியாக நின்றது நல்ல தண்ணீரில் அரை கிலோ கனக்கும். குளத்தில் பழகும்போது அந்த அரை கிலோவை எடையிலிருந்து எடுத்துவிடுங்கள், கடலுக்குப் போகும்போது திரும்பப் போடுங்கள். எடுக்கிற எடை மூக்கிலிருந்தா வாலிலிருந்தா என்பதையும் பாருங்கள். மூக்கு தொங்கினால் நீங்கள் திரும்புகிற ஒவ்வொரு முறையும் அது கீழே இழுக்கும். உங்களுக்கு ஆழம் மாறுவதில் ஒரு பங்கு இதிலிருந்து வரலாம்.

அடுத்தது கயிறு. மார்பு வளையத்தை விட்டுவிடுங்கள். தொடைகளுக்கு நடுவே வருகிற பட்டையில், அதாவது க்ராட்ச் ஸ்ட்ராப்பில், முன்பக்கம் ஒரு வளையம் வைத்து அதில் மாட்டுங்கள். உங்கள் பிசிடியில் அந்தப் பட்டை இல்லையென்றால் அது இருக்கிற ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பட்டைத் தொகுப்பு) வேண்டும். இதில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கயிற்றின் நீளத்தை இப்படிப் பாருங்கள்: ஸ்கூட்டர் ஓடும்போது கயிறு விறைப்பாக இருக்க வேண்டும், முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும், விரல்கள் தளர்வாக இருக்க வேண்டும். டிரிக்கரை அழுத்தும் விரலைத் தவிர மற்ற விரல்களைத் திறந்தாலும் ஸ்கூட்டர் உங்களை இழுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் வயிற்றுக்குக் கீழே போக வேண்டும். மார்பில் அடித்தால் கயிறு குட்டை.

இவ்வளவும் சரியானால்தான் கை ஸ்டியரிங் வேலையை மட்டும் செய்யும்.

ஓசூர் லேத்:
நல்ல விளக்கம் மேடம். நான் டைவர் இல்லை, கரையிலிருந்து பார்க்கிறவன், ஆனால் இயந்திர வேலை தெரியும். வட்டம் பெரிதாவதற்குக் காரணம் வேகம்தானே? ரோட்டில் வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவில் திரும்ப நாலு மடங்கு பிடிமானம் வேண்டும். கிருஷ்ணகிரி மேம்பாலத்தில் லாரி கவிழ்வது இப்படித்தான். மெதுவாகப் போனால் தானாகவே வட்டம் சிறிதாகிவிடாதா?

அரூர் மாலுமி:
இந்த இடத்தில் நான் வருகிறேன். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று இப்போது அரூரில் இருக்கிறேன்.

ஓசூர் தம்பி, நீங்கள் சொல்வது டயருக்குச் சரி. டயரின் பிடிமானத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, வேகம் கூடினால் அது கூடாது. தண்ணீரில் கதை வேறு. பக்கவாட்டில் தண்ணீர் கொடுக்கிற விசையே வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. திரும்புவதற்குத் தேவையான விசையும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடுகிறது. இரண்டும் ஒன்றாகவே ஏறுவதால், சுக்கானை ஒரே கோணத்தில் வைத்த கப்பல் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஏறக்குறைய ஒரே அளவு வட்டம்தான் போடும். கப்பலில் வேலை பார்த்த எவரும் இதைச் சொல்வார்கள். வேகம் கூடினால் அந்த வட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடும், அவ்வளவுதான்.

ஆகவே டிரிக்கரை அழுத்திக்கொண்டே வேகத்தை மட்டும் ஒரு படி குறைத்தால் யோசிக்க நேரம் கிடைக்கும், வட்டம் பெரிதாக மாறாது. வட்டம் சுருங்க வேண்டுமானால் வேறு ஒன்று செய்ய வேண்டும். கப்பலில் நாங்கள் செய்வது இது: ஏறக்குறைய நின்றுவிட்ட கப்பலில் சுக்கானை முழுசாக ஒரு பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எஞ்சினை முன்பக்கம் ஒரு குறுகிய நேரம் மட்டும் ஓட்டுவோம். கப்பல் முன்னால் போவதற்குள் மூக்கு திரும்பிவிடும். உடனே எஞ்சினை நிறுத்திவிடுவோம்.

ஸ்கூட்டரிலும் அதேதான். டிரிக்கரை விடுங்கள். மனித உடம்பும் சிலிண்டரும் சேர்ந்து தண்ணீரில் ரொம்பத் தூரம் வழுக்கிப் போகாது, சில மீட்டரில் வேகம் செத்துவிடும். அப்போது ஸ்கூட்டரின் மூக்கைப் போக வேண்டிய பக்கம் முழுசாகத் திருப்புங்கள். அப்புறம் ஒரு சின்ன அழுத்து. உடம்பு திரும்பும், ஆனால் முன்னால் அதிகம் நகராது. மூக்கு முதலில், டிரிக்கர் அப்புறம். பெரும்பாலானவர்கள் டிரிக்கரை அழுத்தியபடியே மூக்கை இழுக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் ஸ்கூட்டர் ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம் என்று சண்டை நடக்கும், அந்தச் சண்டை முழுவதும் மணிக்கட்டில் வந்து விழும்.

ஓசூர் லேத்:
சார், இது எனக்குப் புதிது. பக்கவாட்டு விசையும் வர்க்கத்தில் கூடும் என்பதை யோசிக்கவே இல்லை. நன்றி.

பர்கூர் தோட்டம்:
ஒரு சந்தேகம். எங்கள் தோட்டத்தில் மாங்காய் லோடு ஏற்றிய டிராக்டர் திரும்பும்போது பின்னால் வருகிற டிரெய்லர் உள்பக்கமாக வெட்டும். அதனால் கேட் தூணைத் தள்ளியே டிராக்டரை வளைப்போம். இங்கே ஸ்கூட்டர் டிராக்டர், ஆள் டிரெய்லர். அப்போது ஆளும் உள்பக்கம் வெட்டுவாரா?

பாலக்கோடு பவளம்:
அண்ணா, நேர் எதிராக நடக்கும், அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியம். டிரெய்லர் சக்கரத்துக்குத் தரையில் பிடி இருக்கிறது, பக்கவாட்டில் நழுவாது. தண்ணீரில் உடம்பு நழுவும். ஸ்கூட்டர் தலைப்பக்கத்தை இடது பக்கம் இழுத்தால் உடம்பு நடுவில் சுழன்று, கால் இரண்டும் வலது பக்கம் வெளியே வீசும். உங்கள் வலது பக்கம் பாறைச் சுவரோ பவளமோ இருந்தால் காலில் மாட்டியிருக்கிற துடுப்பு, அதாவது ஃபின், அதில்தான் போய் மோதும். நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதால் மோதியது தெரியாமலேயே போகும், ஆனால் உடைந்த பவளம் உடைந்ததுதான். ஆகவே சுவரை ஒட்டிப் போகும்போது முதலில் ஓர் ஆள் நீளம் விலகிப் போங்கள், அப்புறம் திரும்புங்கள்.

காலை வீச விடாமல் வைக்கிற வழியும் உண்டு. முழங்காலை மடித்து ஃபின்களை மேலே தூக்கினால் உடம்பின் நீளம் குறையும், சுழற்சி சுலபமாகும், கால் வீசுகிற தூரமும் குறையும். திருப்பம் முடிந்ததும் காலைத் திரும்ப நீட்டுங்கள். மடித்த காலோடு நேராகப் போனால் தண்ணீர் பிடித்து இழுத்து பேட்டரியைத் தின்னும். இன்னும் கூர்மையாக வேண்டுமா, உள்பக்கக் காலை மட்டும் கொஞ்சம் அகட்டி அந்த ஃபின்னைத் தண்ணீரில் குறுக்காக நிறுத்துங்கள். இடப்பக்கம் திரும்ப இடது ஃபின். அந்தப் பக்கம் இழுவை கூடுவதால் உடம்பு அங்கேயே திரும்பும்.

அரூர் மாலுமி:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 1941 டிசம்பரில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குள் நீருக்கடியில் புகுந்து குயின் எலிசபெத், வேலியண்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் செயலிழக்க வைத்தார்கள். அவர்கள் போனது ஒரு ஊர்தியில் இரண்டு பேர் குதிரைமேல் உட்காருவது போல ஏறிப் போகிற டார்பிடோ வடிவ ஊர்தியில். அதற்குப் பின்னால் சுக்கான் உண்டு, ஏற இறங்கத் தனிப் பலகை உண்டு. நம் கையில் இருக்கிற ஸ்கூட்டருக்கு இரண்டும் கிடையாது. அந்த இரண்டு வேலையையும் நம் உடம்பு செய்தாக வேண்டும். பவளம் அம்மா சொல்கிற கால் வேலை எல்லாம் அந்தச் சுக்கான் வேலைதான்.

காவேரிப்பட்டணம் மீன்கொத்தி:
இவ்வளவு எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. ஆழம் மாறுவது பற்றியும் இடப்பக்கம் கனமாக இருப்பது பற்றியும் சொல்லுங்கள்.

பாலக்கோடு பவளம்:
ஆழம்தான் ஸ்கூட்டரில் உயிர் போகிற விஷயம். கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

ஸ்கூட்டர் மணிக்கு 4 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். அது வினாடிக்கு 1.1 மீட்டர். மூக்கு 10 பாகை மேலே தூக்கினால் நிமிடத்துக்கு 11 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். டைவிங்கில் ஏறுவதற்குச் சொல்லும் வேகம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர். அதாவது 10 பாகையிலேயே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். 10 பாகை என்பது கண்ணுக்குத் தெரியாத சரிவு. 30 பாகை தூக்கினால் நிமிடத்துக்கு 33 மீட்டர். 5 வினாடி கவனிக்காமல் விட்டால் இரண்டே முக்கால் மீட்டர் மேலே. நீங்கள் சொன்ன இரண்டு மீட்டர் இதுதான்.

கால் உதைத்து ஏறும்போது மூச்சு வாங்கும், உடம்புக்குத் தெரியும். ஸ்கூட்டரில் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. கீழே போனாலும் அதே கதை, காது அடைத்துக்கொண்டபின்தான் தெரியும். அந்த வேகத்தில் காதைச் சமன்செய்து முடிக்க முடியாது.

ஏன் திருப்பத்தில் மட்டும் நடக்கிறது? மனித உடம்பு பக்கவாட்டில் அதிகம் வளையாது, முன்னும் பின்னும் நன்றாக வளையும். அதனால் கூர்மையாகத் திரும்ப நினைக்கிறவர் தன்னை அறியாமலே ஒரு தோளைச் சாய்த்து முதுகை வளைப்பார். அது சரியான வழிதான், மேல்நிலை டைவர்கள் வேண்டுமென்றே செய்வதும் அதுதான். இடப்பக்கம் திரும்ப இடது தோளைக் கீழே விட்டு உடம்பை உருட்டி, முகத்தைத் திருப்பத்தின் உள்ளே காட்டி, முதுகைப் பின்னால் வளைத்தால், உடம்பே ஒரு வளைந்த சுக்கானாகிவிடும். எவ்வளவு உருட்டுகிறோம், எவ்வளவு வளைக்கிறோம் என்பது ஒத்துப்போக வேண்டும். உருட்டாமல் முதுகை மட்டும் வளைத்தால் நேராக மேலே ஏறுவீர்கள். உருட்டிவிட்டு ஸ்கூட்டரின் மூக்கைத் தொங்கவிட்டால் சுழன்றுகொண்டே இறங்குவீர்கள்.

இதைக் கண்ணால்தான் கட்டுப்படுத்த முடியும். ஆழம் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டரை இடது மணிக்கட்டில் கட்டாதீர்கள் என்று என்னிடம் படிப்பவர்களிடம் சொல்வேன். ஸ்கூட்டரைப் பிடித்திருக்கிற வலது கையில், முகத்துக்கு நேராக வருகிற மாதிரி கட்டுங்கள். அந்தக் கை எப்போதும் முன்னால் நீண்டிருக்கும், பார்வையை எடுக்காமலே ஆழம் தெரியும். திருப்பத்துக்கு முன் ஒரு பார்வை, நடுவில் ஒரு பார்வை, முடிந்ததும் ஒரு பார்வை. அரை மீட்டர் மாறியதும் டிரிக்கரை விடுங்கள். திருத்திக்கொண்டே ஓட்டாதீர்கள். விட்டால் ஸ்கூட்டர் நின்றுவிடும், நின்றுவிட்டால் ஆபத்து நின்றுவிடும்.

தலையைத் திருப்புவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வேகத்தில் சட்டென்று பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் மாஸ்க்கின் ஓரத்தைத் தூக்கும். வாயில் வைத்து மூச்சு விடுகிற ரெகுலேட்டரின் முன்பொத்தானைத் தண்ணீரே அழுத்தி காற்றுப் பீய்ச்சிக்கொண்டு வரலாம். தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு மெல்லத் திருப்புங்கள்.

அரூர் மாலுமி:
இடப்பக்கக் கனத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, புரொப்பல்லர் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரின் உடல் உருளப் பார்க்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுற்றினால், ஸ்கூட்டர் இடப்பக்கம் உருளப் பார்க்கும், இடப்பக்கத் திருப்பம் கொஞ்சம் சுலபமாகும். உங்களுடையது எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். வேகப்படியைக் கூட்டும்போதும் டிரிக்கரைத் திடீரென்று அழுத்தும்போதும் இந்த உருட்டல் அதிகம் தெரியும்.

இரண்டாவது காரணம் மணிக்கட்டு. அது எல்லாப் பக்கமும் ஒரே அளவு மடங்குகிற மூட்டு இல்லை. மணிக்கட்டால் மட்டும் மூக்கைத் திருப்பினால் ஒரு பக்கம் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். தோளிலிருந்து முழுக்கையையும் நகர்த்துங்கள். ஸ்கூட்டர் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போகட்டும், கயிறும் இடப்பக்கம் சாயும், மூக்கும் தானாக அந்தப் பக்கம் பார்க்கும். அப்போது மணிக்கட்டுக்கு வேலையே இருக்காது.

பென்னாகரம் 24:
எல்லாம் சரி, பழகுவதற்குப் புதுச்சேரி வரை போக வேண்டுமா? ஒகேனக்கல் இருக்கிறது, கேஆர்பி அணை (கிருஷ்ணகிரி அணை) இருக்கிறது, பர்கூர் பக்கம் தண்ணீர் நிறைந்த கிரானைட் குழிகள் எத்தனையோ இருக்கின்றன.

அரூர் மாலுமி:
தம்பி, ஒகேனக்கல் வேண்டவே வேண்டாம். காவிரி அங்கே பாறை இடுக்குகளில் சுழித்து ஓடுகிறது, கீழே உள்ளிழுக்கும். வருடாவருடம் அங்கே உயிர் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஆற்றில் முதலைகளும் உண்டு. அங்கேயே முதலைகள் மறுவாழ்வு மையம் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மணிக்கு 4 கிலோமீட்டர் போகிற ஸ்கூட்டர் அந்த நீரோட்டத்தை எதிர்த்து நிற்காது.

கேஆர்பி அணையில் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அனுமதியே கிடைத்தாலும் தண்ணீர் கலங்கல், மீன்வலைகள் இருக்கும். ஒரு நைலான் வலை புரொப்பல்லரில் சுற்றினால் ஸ்கூட்டரும் நீங்களும் அந்த வலையோடு சேர்ந்து கட்டுண்டு நிற்பீர்கள். டைவர் ஒருவரிடம் வலை வெட்டும் கத்தி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பது கடலுக்கும் பொருந்தும்.

கல்குழிகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுவர் செங்குத்து, ஏறி வர வழி இருக்காது. அடியில் பழைய இரும்புக் கம்பிக்கயிறு, உடைந்த இயந்திரம் எது வேண்டுமானாலும் கிடக்கும். மேலே வெதுவெதுப்பாக இருக்கிற தண்ணீர் சில மீட்டர் கீழே சட்டென்று குளிரும். அது யாருடைய நிலம், யாருடைய பொறுப்பு என்பதும் வேறு கேள்வி.

பர்கூர் தோட்டம்:
எங்கள் பண்ணைக்குட்டையைத் தருகிறேன். சொட்டுநீருக்காகத் தோண்டியது, அடியில் பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்தது, நிறைந்தால் நடுவில் மூன்று மீட்டர் ஆழம். சேறு இல்லாததால் கலங்காது, இப்போது தண்ணீர் லேசாகப் பச்சை. ஆனால் எனக்கு மூன்று கண்டிப்பு உண்டு.

தார்ப்பாய்ச் சரிவு பாசி படிந்து வழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களே பண்ணைக்குட்டையில் ஏற முடியாமல் இறந்திருக்கிறார்கள். நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், அதை யாரும் அவிழ்க்கக் கூடாது. கரையில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். ஸ்கூட்டரோ எடைக்கட்டியோ தார்ப்பாயில் உரசக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் இரவோடிரவாகத் தண்ணீர் இறங்கிவிடும், கோடையில் எங்கள் மாமரத்துக்கு அதுதான் ஆதாரம்.

பாலக்கோடு பவளம்:
அண்ணா, தங்கமான இடம். தம்பி, அங்கே இப்படிப் பழகுங்கள். தண்ணீர் பாட்டில்களைக் காலியாக மூடி, கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய துணிப்பையை வையுங்கள். கல் வேண்டாம், தார்ப்பாய் கிழியும். கயிற்றை நல்ல கனமான பருத்திக் கயிறாக எடுங்கள். மெல்லிய நைலான் கண்ணுக்குத் தெரியாமல் புரொப்பல்லரில் சுற்றும். பாட்டில்கள் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நிற்கட்டும். முதலில் அகலமாக வைத்து எட்டுப் போடுங்கள், ஏனென்றால் எட்டில் இடமும் வலமும் சமமாக வரும். பிறகு இடைவெளியைக் குறையுங்கள். பாட்டிலின் மட்டத்திலேயே உங்கள் மாஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், அது ஆழம் பார்க்கிற பயிற்சி.

மூன்று மீட்டர்தானே என்று மூச்சை அடக்காதீர்கள். நுரையீரல் காயத்துக்கு மூன்று மீட்டரே போதும். மூச்சு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

காவேரிப்பட்டணம் மீன்கொத்தி:
பர்கூர் அண்ணாவின் குட்டையில் பழகிவிட்டு எழுதுகிறேன். கயிற்றை க்ராட்ச் ஸ்ட்ராப்புக்கு மாற்றியதுமே கை கடுப்பு போய்விட்டது. கயிறு விறைத்து இடுப்பைப் பிடித்து இழுக்கும்போது விரல்கள் சும்மா கைப்பிடியில் படிந்து கிடக்கின்றன. எங்கள் புரொப்பல்லர் கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் சுற்றுகிறது, அரூர் சார் சொன்னது போலவே.

டிரிக்கரை விட்டு, மூக்கைத் திருப்பி, அப்புறம் அழுத்துவது ஆரம்பத்தில் தடைபட்டுத் தடைபட்டு வருகிறது. பழகப் பழக மூன்றும் ஒன்றாகச் சேர்கிறது. பச்சைத் தண்ணீரில் காற்றுக்குமிழிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தால் உடம்பு எவ்வளவு நழுவுகிறது என்று தெரிகிறது. கால் மடிக்காமல் திரும்பினால் ஃபின் பாட்டில் கயிற்றைத் தட்டுகிறது, மடித்தால் தட்டுவதில்லை. தோளைச் சாய்க்கும்போது மட்டும் சிலிண்டர் ஒரு பக்கம் இழுத்துப் புரட்டுகிறது. அதற்கு என்ன செய்வது?

பாலக்கோடு பவளம்:
சிலிண்டரைக் கட்டுகிற பெல்ட்டை இறுக்குங்கள், முதலில் அது. சிலிண்டர் முதுகில் ஆடினால் ஒவ்வொரு சாய்விலும் தனியாக விழும். அப்புறம், பிசிடியில் காற்று அதிகம் இருந்தால் சாயும்போது அது மேல்பக்கத்துக்கு ஓடி உங்களை மேலும் உருட்டும். எடையைச் சரியாகப் போட்டால் காற்று கொஞ்சம்தான் தேவைப்படும். இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். சாதாரண 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பாரில் இரண்டரை கிலோவுக்கு மேல் காற்று இருக்கிறது. டைவின் முடிவில் அதில் பெரும்பகுதி போய்விட்டால் அதே சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். ஆரம்பத்தில் கீழே புரட்டியது கடைசியில் மேலே புரட்டும். ஆகவே கடைசி நிமிடங்களில் கூர்மையான திருப்பங்களை விட்டுவிடுங்கள்.

பென்னாகரம் 24:
இரண்டு பேர் இரண்டு ஸ்கூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் போனால்? யார் முதலில் திரும்புவது?

அரூர் மாலுமி:
திரும்புவதற்கு முன் டார்ச்சால் சமிக்ஞை கொடுங்கள். ஜோடி பதில் கொடுத்தபின்தான் திருப்பம். உள்பக்கம் இருப்பவர் டிரிக்கரை விட்டு மெதுவாக்க வேண்டும். வெளியே இருப்பவர் அதே வேகத்தில் சுற்றி வரட்டும். வெளியே இருப்பவர் எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டினால் உள்ளே இருப்பவர்மேல் வந்து ஏறுவார். ஜோடியைக் காணவில்லை என்றால் இருவருமே டிரிக்கரை விட வேண்டும் என்று கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கூட்டர் கெட்டுப்போய் ஒருவர் மற்றவரை இழுத்துப்போக நேர்ந்தால் கூர்மையான திருப்பத்தை மறந்துவிடுங்கள், நீளம் இரண்டு ஆளாகிவிடுகிறது. அகலமாகத்தான் சுற்ற வேண்டும்.

டிரிக்கர் சிக்கிக்கொண்டு நிற்காமல் ஓடினால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அதே ஆழத்தில் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். வட்டமாகச் சுற்றினால் எங்கும் போகமாட்டீர்கள். சுற்றிக்கொண்டே மற்றக் கையால் மெயின் சுவிட்சை அணையுங்கள். அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கரையில் தொட்டுப் பழகியிருக்க வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் கயிற்றின் கொக்கியைக் கழற்றி ஸ்கூட்டரை விட்டுவிடுங்கள். பொருள் போனால் போகட்டும்.

பாலக்கோடு பவளம்:
கடலுக்கு வரும்போது தூரத்தையும் கணக்கில் வையுங்கள். அதே 4 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடம் போனால் 670 மீட்டர். பேட்டரி போய்விட்டால், கால் உதைத்து நிமிடத்துக்கு 15 மீட்டர் என்று வந்தால் திரும்ப 45 நிமிடம். அவ்வளவு காற்று சிலிண்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்கே திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டும். படகிலிருந்து இறங்கினால் படகைச் சுற்றியே பழகுங்கள். அடித்தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலேயே இருங்கள், புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் மணலில் பட்டால் கலங்கி, பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பில் இதற்கென்றே ஒரு சிறப்புப் படிப்பு இருக்கிறது, இரண்டு டைவ்தான். தனியாகப் பழகுவதைவிட அதை முடித்துவிட்டுத் தொடர்வது நல்லது.

ஓசூர் லேத்:
பேட்டரி பற்றி ஒரு விவரம் மட்டும். விமானத்தில் 160 வாட்-மணிக்கு (Wh) மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் கொண்டுபோக முடியாது, 100க்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரிகள் பல அதைத் தாண்டும். அந்தமான் போக நினைப்பவர்கள் முன்னாலேயே பாருங்கள். நமக்குப் புதுச்சேரி ரோட்டிலேயே போய்விடலாம், திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக.

அரூர் மாலுமி:
ரோட்டில் வந்தாலும் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் ஏறத்தாழ 900. டைவிங்கில் 300 மீட்டருக்கு மேலே போனாலே உயரம் என்று கணக்கில் எடுப்பார்கள், ஏனென்றால் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் டைவின்போது உடம்பில் கரைந்த வாயு குமிழியாகலாம். சாயங்காலம் வரை ஆழத்தில் டைவ் செய்துவிட்டு உடனே வண்டியை எடுத்து ஓசூர் ஏறாதீர்கள். இரவு புதுச்சேரியிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

பர்கூர் தோட்டம்:
அடுத்து வருகிறவர்கள் முன்னாலேயே செய்தி போடுங்கள். வெயில் ஏறினால் மோட்டார் ஓட்டுவேன், தண்ணீர் இரண்டு மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் யாரையும் இறக்க மாட்டேன். மணல் பைகளைப் புதிதாகத் தைத்து வைத்திருக்கிறேன், பாட்டிலும் பருத்திக் கயிறும் மோட்டார் அறையில் இருக்கிறது.